மதுரை வீரன்: செத்த பிறகு சாகாதவன்

தி.நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இருக்கிறது. ஒரு காலத்தில் அவருடைய அலுவலகமாக இருந்த வீடு. உள்ளே அவருடைய அம்பாசடர் கார் நிற்கிறது. ‘அடிமைப் பெண்’ (1969) படத்தில் அவரோடு நடித்த சிங்கத்தைக்கூடப் பாடம் செய்து கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எத்தனையோ படங்களில் வாள் வீசி, ஒரு கீறல்கூட இல்லாமல் கடைசி ரீலில் நாயகியோடு சிரித்துக்கொண்டு நின்ற மனிதரின் வீடு அது.

ஆனால் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கிய படங்களில் ஒன்றில் அவர் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரு கையும் ஒரு காலும் வெட்டப்பட்டுச் சாகிறார். 1956 ஏப்ரல் 13 அன்று, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி வெளியான ‘மதுரை வீரன்’தான் அது. கதாநாயகன் செத்துப்போகும் படம் எப்படி அத்தனை ஊர்களில் நூறு நாள் தாண்டி ஓடியது? விடை சுலபம். பார்த்தவர்கள் யாருக்கும் அவன் செத்ததாகவே தோன்றவில்லை! பல பேருடைய ஊர் எல்லையில் அவன் ஏற்கெனவே அரிவாளோடு நின்றுகொண்டிருந்தான்.

சாகாவரம் பெற்ற வீரர்களைப் பற்றி உலகம் முழுக்கக் கதைகள் உண்டு. ‘ஹைலேண்டர்’ என்று 1986இல் வந்த ஆங்கிலப் படத்தைப் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் வீரர்களுக்குச் சாவே கிடையாது, தலையை வெட்டினால்தான் உண்டு. அந்தக் கதையின் பெரிய சோகம், நாயகன் இளைஞனாகவே இருக்க, அவன் மனைவி கண்ணெதிரே கிழவியாகி இறந்துபோவதுதான். அதாவது அங்கே சாகாவரம் காதலுக்கு எதிரி. நம் ஊரில் கணக்கு வேறு. இங்கே முதலில் சாக வேண்டும். அதுவும் சும்மா செத்தால் போதாது. யாருக்காகவாவது, எதற்காகவாவது சாக வேண்டும். அப்புறம்தான் சாகாமை.

இது சினிமா கண்டுபிடித்த விஷயமல்ல. ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியமே படிப்படியாகச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் இருக்கின்றன. அவ்வளவு பழைய வழக்கம். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல். அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயர். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. பல்லவ மன்னன் ஆண்ட நாட்டில், ஒரு நாயின் விசுவாசம் பெயரோடு கல்லில் ஏறியிருக்கிறது. அந்த நாட்டில் பெயர் தெரியாமல் போன மனிதர்கள் எத்தனையோ லட்சம் பேர்!

சரி, வீரன் கதைக்கு வருவோம். இது நடுகல் மரபின் தொடர்ச்சி. ஆனால் எருமைகளையும் நாயையும்விடச் சிக்கலான சங்கதி இதில் இருக்கிறது. அது சாதி.

கதை பல விதமாகச் சொல்லப்படுகிறது. பழைய தலைமுறை படித்தது ‘பெரிய எழுத்து’ப் புத்தகத்தில். சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சடித்து, திருவிழாக்களிலும் சந்தைகளிலும் விற்ற புத்தகங்கள் அவை. எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்காக எழுத்தைப் பெரிதாகப் போட்டதால் அந்தப் பெயர். அதில் வரும் கதையின் சுருக்கம் இது:

காசி ராஜாவுக்கு ஒரு பிள்ளை கழுத்தில் கொடி சுற்றிப் பிறக்கிறது. நாட்டுக்கு ஆகாது என்று ஜோசியர்கள் சொல்ல, காட்டில் போட்டுவிடுகிறார்கள். செருப்புத் தைக்கும் சின்னானும் அவன் மனைவியும் எடுத்து வளர்க்கிறார்கள். பிறகு அவர்கள் தெற்கே வந்து, பொம்மண்ண நாயக்கன் என்ற பாளையக்காரனிடம் வேலைக்குச் சேர்கிறார்கள். அவன் மகள் பொம்மி வயதுக்கு வந்ததும் அவளைத் தனிக் குடிசையில் வைக்கிறார்கள். அதற்குக் காவல் இருக்க வேண்டியது சின்னான் வேலை. ஒரு மழை நாளில் அப்பாவுக்குப் பதிலாக மகன் காவலுக்குப் போகிறான். அவ்வளவுதான், காவல்காரனுக்கும் பொம்மிக்கும் காதல். இருவரும் ஓடிப்போகிறார்கள். துரத்தி வந்த பொம்மண்ணன் சண்டையில் சாகிறான். வீரன் திருச்சி மன்னன் விஜயரங்க சொக்கனிடம் வேலைக்குச் சேர்கிறான். அங்கிருந்து கள்ளர்களை அடக்குவதற்காக மதுரைத் திருமலை நாயக்கரிடம் அனுப்பப்படுகிறான். வேலையை முடித்துவிடுகிறான். ஆனால் மதுரையில் வெள்ளையம்மாள் என்ற அரண்மனை நாட்டியக்காரி மேல் மனம் போகிறது. இரவில் அவளை அழைத்துப் போகும்போது காவலர்கள் கையில் அகப்படுகிறான். கள்ளன் என்று நினைத்து மாறுகால் மாறுகை வாங்கச் சொல்லி உத்தரவு வருகிறது. ஒரு பக்கத்துக் கை, எதிர்ப் பக்கத்துக் கால். அதுதான் மாறுகால் மாறுகை.

உண்மை தெரிந்து மன்னன் வருந்துகிறான். மீனாட்சி அருளால் வெட்டிய கையும் காலும் மறுபடி வளர்கின்றன. கதை இங்கே முடிந்திருக்கலாம். எந்த சினிமாக்காரரும் இங்கேதான் முடிப்பார். ஆனால் பெரிய எழுத்துக் கதையில் வீரன், விதிப்படி நடக்க வேண்டியது நடந்தே ஆக வேண்டும் என்று தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு சாகிறான்! பொம்மியும் வெள்ளையம்மாளும் அவனோடு உயிர் விடுகிறார்கள். பிறகு மதுரை நகரம் படாதபாடு படுகிறது. மன்னன் அவனுக்குக் கோயில் எடுத்துப் பூசை போடுகிறான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசல் பக்கம் இன்றைக்கும் அவனுக்குச் சன்னதி இருக்கிறது.

இதில் வரலாறு எவ்வளவு? திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. விஜயரங்க சொக்கநாதர் ஆண்டது 1706 முதல் 1732 வரை. இருவருக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது வருடம். இருவரும் ஒரே நாயக்க வம்சம் வேறு. ஒருவர் அனுப்பி மற்றவரிடம் போவது என்பது நடக்கவே முடியாது. ஆகவே கதை அப்படியே நடந்ததில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் வரலாற்று மாணவர்கள் இதோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. ஏன் இரண்டு ராஜாக்கள் தேவைப்பட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பொம்மண்ணனையும் சேர்த்தால் மூன்று எஜமானர்கள். மூன்று பேருக்கும் வீரன் (அல்லது வீரனின் குடும்பம்) காவல் வேலை செய்கிறது. அவனுடைய கை பலம் மூன்று பேருக்கும் வேண்டும். திருட்டை ஒழிக்க அவன் வேண்டும், இரவில் குடிசை வாசலில் நிற்க அவன் வேண்டும். ஆனால் அந்த வாசலைத் தாண்டி உள்ளே இருப்பவளைப் பார்த்துவிட்டால் அவன் கள்ளன். விசுவாசம் கீழிருந்து மேலே மட்டும்தான் போகிறது, திரும்பி வருவதே இல்லை. ராஜா மாறினாலும் ஊர் மாறினாலும் இந்த விதி மட்டும் மாறவில்லை.

பெண்கள் விஷயத்தில்தான் விசுவாசம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. பொம்மி பாளையக்காரன் மகள், அவள் விட்டு வந்தது ஒரு நாட்டை. அப்பாவைக் கொன்றவனோடு வாழ்ந்தாள் என்பது எவ்வளவு கடினமான விஷயம் என்று கதை நின்று சொல்வதில்லை, வேகமாகக் கடந்துவிடுகிறது. வெள்ளையம்மாளுக்கு இழப்பதற்குக் குடும்பம் இல்லை, அரண்மனைப் பிழைப்பு இருந்தது. இருவரும் அவனோடு செத்ததைப் பாடுபவர்கள் பெருமையாகப் பாடியிருக்கிறார்கள். இன்றைக்குப் படிக்கும்போது அந்த இடம் உறுத்தத்தான் செய்கிறது. உடன்கட்டை ஏறுவதைச் சென்னை மாகாணத்தில் 1830இலேயே சட்டம் தடை செய்துவிட்டது. கதை மட்டும் தடைபடாமல் அச்சாகிக்கொண்டே இருந்தது. வீரன் சாமியாவதற்கு அவன் சாவு போதுமானதாக இருக்க, பெண்கள் சாமியாவதற்கு மட்டும் அவன் சிதையும் தேவைப்பட்டது ஏன்? இதைக் கேட்காமல் இந்தக் காதலைக் கொண்டாட முடியாது.

இப்போது அந்தக் காசி ராஜா விஷயம். செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்தவன் பாளையக்காரன் மகளைக் காதலித்தான் என்பதுதான் கதையின் உயிர். ஆனால் முதல் பக்கத்திலேயே, அவன் பிறப்பால் ராஜகுமாரன் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகிறது? பொம்மி அத்து மீறவே இல்லை. ராஜா மகன், நாயக்கன் மகள், பொருத்தமான ஜோடி! கேட்பவர்களில் மேல்சாதிக்காரர்களும் நிம்மதியாகத் தூங்கலாம். இது பின்னால் ஒட்டப்பட்ட தலை என்று ஆய்வாளர்கள் பலர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். சந்தேகத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. பக்கத்துக் கதை ஒன்றிலும் இதே வேலை நடந்திருக்கிறது. முத்துப்பட்டன் ஒரு பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் சகோதரிகளைக் காதலித்து, அவர்கள் அப்பா சொன்னபடி பூணூலை அறுத்துப்போட்டுச் செருப்புத் தைத்துக் காட்டி, இருவரையும் கட்டிக்கொண்டு, மாடுகளைக் காக்கும் சண்டையில் செத்துப்போனவன். அந்தக் கதையில், பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள் என்று ஒரு முன்கதை சேர்ந்துகொண்டது. கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை அது இடைச்செருகல் என்று சுட்டிக்காட்டினார். பாபநாசம் காட்டில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக இருக்கும் முத்துப்பட்டனுக்கு இன்றைக்கும் பக்தர்கள் செருப்புதான் காணிக்கை வைக்கிறார்கள். முன்கதையை யார் எப்படி மாற்றினாலும் காணிக்கை மாறவில்லை.

அருந்ததியர்கள் மதுரை வீரனைத் தங்களில் ஒருவனாகவே சொல்கிறார்கள். காசி ராஜா அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

1956இல் படம் எடுத்தவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? கிருஷ்ணா பிக்சர்ஸ் லேனா செட்டியார் தயாரிப்பு, டி. யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம். (பின்னால் தி.நகரில் ஒரு சாலைக்கே பெயராகிவிட்ட அதே கண்ணதாசன்தான்.) எம்.ஜி.ஆரும் கண்ணதாசனும் அப்போது தி.மு.க.வில் இருந்தவர்கள். பகுத்தறிவுக் கட்சிக்காரர்கள் ஒரு காவல் தெய்வத்தின் கதையை எடுக்கிறார்கள். பிறப்பை மாற்ற இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் படத்திலும் வீரன் அரச குடும்பத்துக் குழந்தையாகவே பிறக்கிறான். செருப்புத் தைக்கும் தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வந்து எடுத்து வளர்க்கிறார்கள். கடைசியில் வெட்டுப்பட்டு இறந்த வீரன், பொம்மியாக வரும் பி. பானுமதியோடும் வெள்ளையம்மாளாக வரும் பத்மினியோடும் ஆகாயத்தில் தெய்வமாகத் தெரிகிறான். பகுத்தறிவு அந்த ரீலில் விடுமுறை எடுத்துக்கொண்டது போலும் :-)

ஆனாலும் படத்தை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. திரையரங்கில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதல் ரீல் ஜாதகம் முக்கியமாக இல்லை. கண்ணில் பட்டது என்ன? செருப்புத் தைப்பவர்களை அப்பா அம்மா என்று கூப்பிடும் ஒருவன், அரண்மனைக்குள் நிமிர்ந்து நின்று பேசுகிறான், பாளையக்காரன் மகளைத் தூக்கிக்கொண்டு போகிறான். எம்.ஜி.ஆர். முகத்தோடு! சேரிகளில் அந்தப் படம் ஏற்படுத்திய பிடிப்பை அவருடைய அரசியல் கடைசி வரை அனுபவித்தது.

இதை அடையாறில் உட்கார்ந்து ஒருவர் ஆராய்ந்து எழுதினார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எம்.எஸ்.எஸ். பாண்டியன், எம்.ஜி.ஆரின் சினிமாவையும் அரசியலையும் பற்றி 1992இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கவனித்த விஷயம் இது: நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் சாதி மீறிக் காதலித்த வீரன், அநியாயத்தை எதிர்த்த வீரன் கடைசியில் கொல்லப்படுகிறான். காத்தவராயனுக்குக் கழு, வீரனுக்கு மாறுகால் மாறுகை. எம்.ஜி.ஆர். படங்கள் அந்த வீரர்களின் குணங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, முடிவை மட்டும் மாற்றின. நாயகன் ஜெயிப்பான். சாகவே மாட்டான். ஏழைகளுக்கு இது இனிப்பாக இருந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் கதைப்பாடலில் இருந்த கேள்வி, அதாவது ஏன் கொன்றாய் என்ற கேள்வி, அந்த இனிப்பில் கரைந்துவிட்டது.

‘மதுரை வீரன்’ அந்த விதி இறுகுவதற்கு முன்னால் வந்த படம். அதன் பின்னால் ரசிகர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1960இல் அதே லேனா செட்டியார், அதே பானுமதி, பத்மினி, எம்.ஜி.ஆர். கூட்டணியோடு ‘ராஜா தேசிங்கு’ வந்தது. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்த செஞ்சி தேஜ் சிங்கின் கதை. கதைப்பாடலில் அவனுக்கு மோவுத்துகாரன் என்று ஒரு முஸ்லிம் தோழன் உண்டு. தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நண்பனுக்காகப் போர்க்களத்துக்கு ஓடி வருகிறவன். இரண்டு வீரர்களின் நட்பை இவ்வளவு அழகாகச் சொன்ன கதை தமிழில் குறைவு. படத்தில் அந்த இடத்தில் தாவூத் கான் என்று ஒரு பாத்திரம் வைத்து, தேசிங்கு, தாவூத் இரண்டு வேடத்தையும் எம்.ஜி.ஆருக்கே கொடுத்தார்கள். விசுவாசத்துக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்கள்! கதைப்படி இரண்டு எம்.ஜி.ஆரும் சாகிறார்கள். படம் ஓடவில்லை. 1962இல் ‘பாசம்’ படத்தின் முடிவிலும் அவர் இறந்தார், அதுவும் ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. பிறகு கதாசிரியர்கள் அவரைச் சாகடிக்கும் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

நிஜமும் சேர்ந்துகொண்டது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தும் பிழைத்தார், கழுத்தில் கட்டோடு இருந்த படம் சுவரொட்டியானது, பரங்கிமலையில் ஜெயித்தார். 1984இல் நியூயார்க்கில் மருத்துவமனையில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1987 டிசம்பர் 24 அன்று அவர் உண்மையிலேயே இறந்தபோது, அதைத் தாங்க முடியாமல் உயிரை விட்டவர்கள் உண்டு. அம்மா சத்தியபாமா பெயரில் அவர் அடையாறில் நடத்திய சத்யா ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று பெண்கள் கல்லூரி இருக்கிறது.

வீரனுக்கு சினிமா தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படத்துக்கு முன்பே, 1930களின் கடைசியில், டி.பி. ராஜலட்சுமி ஒரு ‘மதுரை வீரன்’ எடுத்திருந்தார். அதற்கும் முன்னால் தெருக்கூத்து, அதற்கும் முன்னால் உடுக்கைப் பாட்டு. பிழைப்புத் தேடி ரப்பர் தோட்டங்களுக்குப் போன கூலிகள் மலேசியாவுக்கு அவனைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கேயும் அவனுக்குக் கோயில்கள் எழுந்தன. சென்னையில் தெருமுனை அம்மன் கோயில்களில், வாசல் பக்கமாக, பெரிய மீசையோடும் உயர்த்திய வாளோடும் நிற்பது பெரும்பாலும் அவன்தான். இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். அம்மன் உள்ளே, இவன் வெளியே. செத்த பிறகும் காவல் வேலைதான்! ஆனால் இப்போது இவனுக்கும் படையல் உண்டு. சுருட்டு, சாராயம், கறிச்சோறு.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள், தூண்களின் உயரத்தை வியந்துவிட்டு வெளியே வருகிறார்கள். அங்கிருந்து நடக்கிற தூரம்தான் மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசல். அங்கே வெட்டுப்பட்டவனுக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போகிறார்கள்.